தைரொயிட் கட்டிக்கு ஊசிப் பரிசோதனை: அறிக்கையை எவ்வளவு நம்பலாம்?

(எமது பாடசாலையின் நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் ஒழுங்குசெய்த சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் பேச வரும்படி சங்கம் அழைத்தபோது, தலைப்பை என் விருப்பத்துக்கே விட்டார்கள். நான் அதிகம் யோசிக்கவில்லை. நான் ஒரு நோயியல் வைத்தியர். நோயாளியின் முகத்தைப் பெரும்பாலும் காணாமல், அவருடைய கலங்களை நுணுக்குக்காட்டியில் பார்த்து அறிக்கை எழுதுவது என் தொழில். எம்மோடு படித்தவர்கள் கொழும்பு, வவுனியா, லண்டன், ரொறன்ரோ, மெல்பேண் என்று எங்கே இருந்தாலும் என்னிடம் கேட்கும் கேள்வி அநேகமாக ஒன்றுதான். "கழுத்திலே ஒரு கட்டி. ஊசி குத்திப் பார்த்தவை. அறிக்கை வந்திட்டுது. இதை நம்பலாமோ?" அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

இது பெண்களுக்கு ஏன் முக்கியம்?

தைரொயிட் என்பது கழுத்தின் முன்புறத்தில், வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் சுரப்பி. எங்கள் அம்மம்மா காலத்தில் இதில் வரும் வீக்கத்தைக் கழலை என்றார்கள். அயடீன் குறைபாடே அதற்கு முக்கிய காரணம். 1995இல் இலங்கையில் உப்புக்கு அயடீன் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்ட பின்னர் அந்தப் பெரிய கழலைகள் குறைந்தன. ஆனால் தைரொயிட் கட்டிகள் மறையவில்லை. அயடீன் போதிய அளவு கிடைக்கும் இடங்களிலும், கையால் தடவிக் கண்டுபிடிக்கக்கூடிய கட்டி பெண்களில் ஏறத்தாழ 5 சதவீதமானோருக்கும் ஆண்களில் 1 சதவீதமானோருக்கும் இருக்கிறது. அல்ட்ராசவுண்ட் ஸ்கான் செய்து தேடினால் இந்த எண்ணிக்கை பல மடங்கு கூடும். வயது ஏற ஏற இன்னும் கூடும். இந்த மண்டபத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் ஸ்கான் செய்தால், கட்டி உள்ளவர்கள் வரிசை வரிசையாகக் கிடைப்பார்கள்.

அந்தக் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை. பரிசோதனைக்கு வரும் கட்டிகளில் ஏறத்தாழ 7 முதல் 15 சதவீதம்தான் புற்றுநோயாக இருக்கும். அப்படியிருந்தும், இலங்கைப் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்ததாக அதிகம் பதிவாகும் புற்றுநோய்களில் தைரொயிட் புற்றுநோய் முன்னிலையில் நிற்கிறது. ஆகவே பிரச்சினை இதுதான்: கட்டி பலருக்கு, புற்றுநோய் சிலருக்கு. அந்தச் சிலரைத் தவறவிடாமலும், மற்றவர்களின் கழுத்தை வீணாக வெட்டாமலும் எப்படிப் பிரித்தறிவது? அதற்குத்தான் இந்த ஊசி.

ஊசி எப்படிக் குத்தப்படுகிறது?

இரத்தம் எடுக்கும் ஊசியைப் போன்றதோ, அதைவிட மெல்லியதோ ஆன ஊசி ஒன்றைக் கட்டிக்குள் செலுத்தி, முன்னும் பின்னுமாகச் சில தடவை அசைத்து, அதற்குள் ஏறும் கலங்களைக் கண்ணாடித் தகட்டில் பூசுகிறார்கள். விஞ்ஞான ஆய்வுகூடத்தில் வெங்காயத் தோலை வைத்துப் பார்த்தோமே, அதே வழுக்கிதான். பிறகு சாயமிட்டு எம்மிடம் அனுப்புவார்கள். ஸ்கானில் பார்த்துக்கொண்டே ஊசியைச் செலுத்தினால், கட்டியின் சரியான இடத்திலிருந்து மாதிரி கிடைக்கும் வாய்ப்பு அதிகம். சில நிமிட வேலை. வைத்தியசாலையில் தங்கத் தேவையில்லை. கர்ப்பிணிகளுக்கும் செய்யலாம். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் மட்டும் அதை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1930ஆம் ஆண்டிலேயே நியூயோர்க் மெமோரியல் வைத்தியசாலையில் மார்ட்டின், எலிஸ் என்ற இருவர் ஊசியால் கட்டிகளிலிருந்து மாதிரி எடுக்கும் முறையைப் பிரசுரித்தார்கள். 1950களில் சுவீடனின் ஸ்டொக்ஹோமில் மெல்லிய ஊசியைக் கொண்டு தைரொயிட்டில் அதை வளர்த்தெடுத்தார்கள். பின்னர் உலகெங்கும் பரவியது.

"ஊசி குத்தினால் புற்றுநோய் பரவிவிடும்" என்று வீட்டில் பெரியவர்கள் தடுப்பதுண்டு. ஊசி சென்ற வழியில் தைரொயிட் புற்றுநோய்க் கலங்கள் வளர்வது மிக மிக அரிது. அந்தப் பயத்தால் பரிசோதனையைப் பல மாதம் தள்ளிப்போடுவதே உண்மையான ஆபத்து.

ஒரே எண்ணில் பதில் சொல்ல முடியுமா?

"டொக்டர், எத்தனை சதவீதம் சரி?" என்று கேட்பார்கள். 1993இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த இருவர், 18,000க்கும் அதிகமான ஊசிப் பரிசோதனைகளின் முடிவுகளைத் தொகுத்தார்கள். புற்றுநோய் உள்ளவர்களில் சராசரியாக 83 சதவீதமானோரை ஊசி கண்டுபிடித்தது. புற்றுநோய் இல்லாதவர்களில் 92 சதவீதமானோருக்கு இல்லை என்று சரியாகச் சொன்னது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த இரண்டு எண்களும் உங்கள் கையிலுள்ள அறிக்கைக்கு நேரடியான விடை அல்ல. எமது கணித ஆசிரியை கரும்பலகையில் போட்டுக் காட்டுவது போல ஒரு கணக்குப் போடுவோம்.

கட்டியுள்ள 1,000 பெண்கள் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 100 பேருக்குப் புற்றுநோய், 900 பேருக்கு இல்லை. ஊசி அந்த 100 பேரில் 83 பேரைப் பிடிக்கும், 17 பேரைத் தவறவிடும். மற்ற 900 பேரில் 828 பேருக்குச் சரியாக "இல்லை" என்று சொல்லும். மிச்சம் 72 பேருக்குத் தேவையற்ற எச்சரிக்கை கொடுக்கும். இப்போது அறிக்கை கையில் இருக்கும் பெண்ணின் பக்கத்திலிருந்து பாருங்கள். எச்சரிக்கை பெற்றவர்கள் 155 பேர். அவர்களில் உண்மையில் புற்றுநோய் உள்ளவர்கள் 83 பேர், அதாவது பாதிக்குச் சற்று அதிகம். "இல்லை" என்று கேட்டவர்கள் 845 பேர். அவர்களில் புற்றுநோய் இருப்பவர்கள் 17 பேர், அதாவது ஏறத்தாழ 2 சதவீதம்.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு பாடங்கள். "இல்லை" என்ற பதில் மிகவும் நம்பத்தக்கது, ஆனால் நூற்றுக்கு நூறு அல்ல. "இருக்கலாம்" என்ற பதிலோ தனியே நின்று எதையும் முடிவு செய்யப் போதாது. உண்டு, இல்லை என்று இரண்டாகப் பிரித்தால், நிச்சயமான புற்றுநோயும் வெறும் சந்தேகமும் ஒரே பெட்டிக்குள் போய்விடுகின்றன. அதனால்தான் இன்று அறிக்கையை இரண்டாக அல்ல, ஆறாகப் பிரிக்கிறோம்.

ஆறு வகுப்புகள்

2007இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள பெதெஸ்டா நகரில் கூடிய நிபுணர்கள் இந்த முறைக்கு அடித்தளமிட்டார்கள். ஆகவே இதைப் பெதெஸ்டா முறை என்கிறோம். 2023இல் மூன்றாவது பதிப்பு வெளிவந்தது. அதில் ஒவ்வொரு வகுப்புக்கும் புற்றுநோய்க்கான சராசரி வாய்ப்புத் தரப்பட்டிருக்கிறது.

முதலாம் வகுப்பு: மாதிரி போதாது. பத்துக் கலங்களாவது கொண்ட ஆறு கூட்டங்களாவது இருந்தால்தான் பொதுவாக மாதிரி போதும் என்று சொல்வோம். வாய்ப்பு 13 சதவீதம்.

இரண்டாம் வகுப்பு: தீங்கற்றது. 4 சதவீதம்.

மூன்றாம் வகுப்பு: கலங்களில் சிறு மாறுபாடு, பொருள் நிச்சயமில்லை. 22 சதவீதம்.

நான்காம் வகுப்பு: ஃபொலிகியூலர் வகைக் கட்டி. 30 சதவீதம்.

ஐந்தாம் வகுப்பு: புற்றுநோய் என்ற வலுவான சந்தேகம். 74 சதவீதம்.

ஆறாம் வகுப்பு: புற்றுநோய். 97 சதவீதம்.

பிரித்தானியாவில் இருப்பவர்களின் அறிக்கையில் வேறு குறியீடு இருக்கும். அங்கே தைரொயிட் என்ற சொல்லின் முதலெழுத்துகளோடு 1 முதல் 5 வரை எண்ணிடுவார்கள். மூன்றாவது மட்டும் இரண்டாகப் பிரியும். ஆகவே லண்டன் அறிக்கையின் 5ஐயும் இலங்கை அறிக்கையின் 5ஐயும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள். அங்கே 5 என்றால் புற்றுநோய், இங்கே 5 என்றால் வலுவான சந்தேகம். நாடு விட்டு நாடு அறிக்கை அனுப்பும் எமது குடும்பங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தச் சதவீதங்கள் பெரும்பாலும் சத்திரசிகிச்சை செய்து உறுதிப்படுத்தப்பட்ட கட்டிகளிலிருந்து வந்தவை. தீங்கற்றது என்று வந்தவர்களில் பெரும்பாலானோருக்குச் சத்திரசிகிச்சையே நடப்பதில்லை. ஏதோ ஒரு சந்தேகம் இருந்தவர்களுக்குத்தான் நடக்கிறது. ஆகவே உண்மையான வாய்ப்பு அந்த 4 சதவீதத்திலும் குறைவு. 2015இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்று, தீங்கற்ற கட்டிகள் உள்ள 992 பேரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது. அவர்களுக்கு ஆரம்பத்தில் இருந்த கட்டிகளில் 0.3 சதவீதமானவை மட்டுமே பின்னர் புற்றுநோய் என்று தெரியவந்தன.

ஊசியால் பார்க்க முடியாதது

இனி என் தொழிலின் எல்லையைச் சொல்கிறேன். தைரொயிட் புற்றுநோய்களில் ஏறத்தாழ 85 சதவீதம் பப்பிலரி வகை. இதில் கலத்தின் கருவே மாறிவிடும். பெரிதாகும், வெளிறும், ஓரத்தில் பள்ளம் விழும், கோப்பிக் கொட்டையைப் போல நடுவே கீறல் தெரியும். இவற்றை ஒரு கலத்தில்கூடப் பார்க்கலாம். அதனால்தான் பப்பிலரி வகையில் ஊசி நன்றாகக் கைகொடுக்கிறது.

ஃபொலிகியூலர் வகை அப்படியல்ல. தீங்கற்ற ஃபொலிகியூலர் கட்டியின் கலங்களும், புற்றுநோயான ஃபொலிகியூலர் கட்டியின் கலங்களும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு கலத்தில் இல்லை, அது நடந்துகொள்ளும் விதத்தில் இருக்கிறது. கட்டியைச் சுற்றியுள்ள உறையைத் துளைத்து வெளியே வந்திருக்கிறதா, இரத்தக் குழாய்க்குள் புகுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊசி கலங்களைத்தான் உறிஞ்சி எடுக்கிறது, உறையை எடுத்து வருவதில்லை. மதிலுக்குள்ளே நிற்பவரின் முகத்தை மட்டும் படம்பிடித்துத் தந்துவிட்டு, அவர் மதில் ஏறிக் குதித்தாரா என்று கேட்டால் யார் சொல்ல முடியும்? எத்தனை தடவை குத்தினாலும், எவ்வளவு கெட்டிக்கார வைத்தியர் பார்த்தாலும் இதற்கு ஊசியில் விடை இல்லை. கட்டியை முழுமையாக எடுத்து, உறையைச் சுற்றிலும் வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். நான்காம் வகுப்பு அறிக்கை வந்தவர்கள் "அந்த வைத்தியருக்குச் சொல்லத் தெரியவில்லை" என்று நினைப்பதுண்டு. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் சரியான அறிக்கைதான்.

மெடுலரி என்ற அரிய வகையும் ஊசியில் சிலவேளை தப்பிவிடும். குடும்பத்தில் அது இருந்தால் கல்சிற்றோனின் என்ற இரத்தப் பரிசோதனை உதவும். ஹஷிமோட்டோ அழற்சி உள்ள சுரப்பியில் கலங்கள் உருமாறி, சந்தேகத்தை ஏற்படுத்துவதும் உண்டு. பெரிய கட்டியில், நீர் நிறைந்த கட்டியில், ஊசி போன இடம் தீங்கற்றதாகவும் போகாத மூலை வேறாகவும் இருக்கலாம்.

ஆகவே ஊசி தனியே தீர்ப்புச் சொல்வதில்லை. ஸ்கானில் கட்டி எப்படித் தெரிகிறது, இரத்தத்தில் தைரொயிட் அளவு என்ன, வைத்தியரின் கைக்கு எப்படி இருக்கிறது, சிறுவயதில் கழுத்துக்குக் கதிர்ச் சிகிச்சை பெற்றவரா, குடும்பத்தில் யாருக்கும் இருந்ததா என்ற எல்லாவற்றையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும். ஸ்கான் பயமுறுத்தும் தோற்றமும் ஊசி "தீங்கற்றது" என்ற பதிலும் தந்தால், ஸ்கானை மறந்துவிடக் கூடாது. ஊசியைத் திரும்பச் செய்ய வேண்டும்.

இரண்டு பக்கமும் விலை உண்டு

புற்றுநோயைத் தவறவிடுவதன் விலை எல்லோருக்கும் தெரியும். தேவையில்லாமல் வெட்டுவதற்கும் விலை இருக்கிறது என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறோம். சுரப்பி முழுவதையும் எடுத்தால் வாழ்நாள் முழுவதும் ஒவ்வொரு காலையும் வெறும் வயிற்றில் தைரொக்சின் மாத்திரை. குரல் நாண்களுக்குப் போகும் நரம்பு பாதிக்கப்பட்டால் குரல் கரகரக்கும். பாடும் பெண்ணுக்கும், நாள் முழுவதும் வகுப்பில் பேசும் ஆசிரியைக்கும் அது சிறிய விடயமா? பக்கத்திலுள்ள சிறு சுரப்பிகள் பாதிக்கப்பட்டால் இரத்தத்தில் கல்சியம் இறங்கும். இவை அடிக்கடி நடப்பவை அல்ல. ஆனால் கட்டி தீங்கற்றதாக இருந்தால், ஒருமுறை நடந்தாலும் அது வீண் இழப்பு.

தென் கொரியாவில் நடந்தது எல்லோருக்கும் ஒரு பாடம். 1999இல் அங்கே தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைரொயிட் அதில் சேர்க்கப்படாவிட்டாலும், சிறு கட்டணத்துக்குக் கழுத்து ஸ்கானும் செய்துகொடுத்தார்கள். 2011இல் தைரொயிட் புற்றுநோய் பதிவாகும் வீதம் 1993இல் இருந்ததைப் போல 15 மடங்காகியது. ஆனால் அந்த நோயால் இறப்பவர்களின் வீதம் மாறவில்லை. கண்டுபிடித்தவற்றில் பெரும்பகுதி, வாழ்நாள் முழுவதும் சும்மா கிடந்திருக்கக்கூடிய சிறு பப்பிலரிப் புற்றுகள். 2014இல் இது உலகறிய எழுதப்பட்டபின் சத்திரசிகிச்சைகள் சடுதியாகக் குறைந்தன. ஜப்பானில் கோபே நகரின் குமா வைத்தியசாலை 1993 முதலே, ஒரு சென்ரிமீற்றருக்கு மேற்படாத, ஆபத்துக் குறைந்த பப்பிலரிப் புற்றுகளை உடனே வெட்டாமல் ஸ்கான் மூலம் கண்காணித்து வருகிறது. பெரும்பாலானவை வளரவேயில்லை. அறிகுறி ஒன்றும் இல்லாதவர்கள் தைரொயிட் ஸ்கான் செய்து புற்றுநோய் தேட வேண்டாம் என்று 2017இல் அமெரிக்காவின் தடுப்புச் சேவைகள் குழுவும் அறிவுறுத்தியது.

ஆகவே பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் "எல்லா ஸ்கானும்" அடங்கிய பொதி வாங்குவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். அதேவேளை, கையில் தட்டுப்படும் கட்டியை "காற்றுக்கட்டி, தானாய்ப் போய்விடும்" என்று விட்டுவிடவும் வேண்டாம்.

உங்கள் கையில் அறிக்கை வந்தால்

முதலாம் வகுப்பு என்றால் பயமும் வேண்டாம், நிம்மதியும் வேண்டாம். அது பதிலே இல்லை. ஸ்கான் உதவியோடு மீண்டும் செய்யுங்கள். பெரும்பாலும் இரண்டாவது தடவை மாதிரி கிடைத்துவிடும். "ஒன்றும் இல்லையாம்" என்று அதை வீட்டில் சொல்லி மூடிவைப்பதே நான் அதிகம் கவலைப்படும் விடயம்.

இரண்டாம் வகுப்பு என்றால் நிம்மதியாக இருங்கள். வைத்தியர் சொன்ன திகதியில் ஸ்கானுக்குப் போங்கள்.

மூன்றாம் வகுப்புக்குப் பெரும்பாலும் மீண்டும் ஊசி. மூன்றிலும் நான்கிலும், வசதியுள்ள நாடுகளில் கலங்களின் மரபணுப் பரிசோதனையும் செய்கிறார்கள். அது விலை கூடியது. நான்காம் வகுப்புக்குப் பல இடங்களில் கட்டியுள்ள பாதிச் சுரப்பியை மட்டும் எடுத்துப் பார்ப்பது வழக்கம். "பாதி போதுமா, முழுவதும் எடுக்க வேண்டுமா, ஏன்?" என்று கேட்பது உங்கள் உரிமை. நல்ல சத்திரசிகிச்சை நிபுணர் கோபிக்க மாட்டார்.

ஐந்தும் ஆறும் வந்தால் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். மனம் உடையவும் வேண்டாம். சுரப்பிக்குள்ளேயே இருக்கும் பப்பிலரிப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களில் மிகப் பெரும்பாலானோர் நீண்ட காலம் நலமாக வாழ்கிறார்கள்.

வேகமாக வளரும் கட்டி, கல்லைப் போல இறுகிய கட்டி, மாறாத குரலடைப்பு, விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டம், கழுத்தின் பக்கவாட்டில் நெறிகட்டுதல் ஆகியவை இருந்தால், பழைய அறிக்கை என்ன சொல்லியிருந்தாலும் உடனே வைத்தியரைப் பாருங்கள்.

கடைசியாக, அறிக்கையின் பிரதியை எப்போதும் வைத்திருங்கள். கண்ணாடித் தகடுகளை ஆய்வுகூடங்கள் பாதுகாத்து வைக்கும். சந்தேகம் இருந்தால் அவற்றை எடுத்து இன்னொரு நோயியல் வைத்தியரிடம் காட்டலாம். வெளிநாட்டுக்குக் குடிபெயர்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். இரண்டாம் கருத்துக் கேட்பதை எம் தொழிலில் யாரும் அவமதிப்பாகக் கொள்வதில்லை. கடினமான தகடுகளை நாமே ஒருவருக்கொருவர் காட்டித்தான் முடிவெடுக்கிறோம்.

அன்பானவர்களே, இந்தப் பாடசாலை எமக்குக் கற்றுத் தந்தவற்றில் ஒன்று, விளங்காவிட்டால் கையை உயர்த்திக் கேட்க வேண்டும் என்பது. வைத்தியர் முன்னால் இருக்கும்போது நாங்கள் அதை மறந்துவிடுகிறோம். "எனக்கு எத்தனையாம் வகுப்பு? ஸ்கானும் ஊசியும் ஒத்துப் போகின்றனவா? அடுத்து எப்போது வர வேண்டும்?" இந்த மூன்று கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டால், தேவைப்படும் தோழிக்குக் கொடுங்கள்.